மது வாடை

அலுவலகத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். மூக்குக்காரி எங்கே என்று கேட்டால் வாசல் காவலாளிகூட எழுந்து நின்று வழி காட்டுவார். கழிவுநீர் வாரியத்தில் பதினாறு வருஷ சர்வீஸ். எந்தத் தெருவில் சாக்கடை நாறினாலும் அங்கே போய், ஏன் நாறுகிறது என்று கண்டுபிடித்து, அந்த நாற்றத்தை அடக்கிவிட்டு வருவதுதான் அவள் வேலை. இடுப்பில் கேஸ் மீட்டர் தொங்கும். ஆனால் அது கீச்சிடுவதற்கு முன்னாலேயே மூக்கு சொல்லிவிடும். மேன்ஹோல் மூடியை அரை அடி நகர்த்தினால் போதும். "இது தேங்கின தண்ணி. இதுல யாரோ டீசல் கொட்டியிருக்காங்க. இது எலி, செத்து மூணு நாளாச்சு" என்று அடுக்குவாள். அவள் லிஃப்டில் நின்றால் குமாஸ்தாக்கள் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பார்கள். குளித்தோமா இல்லையா என்பது வரைக்கும் தெரிந்துவிடுமே என்ற பயம்.

அவளுடைய அண்ணன் அதே வாரியத்தில் ஃபிட்டர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளைப் படிக்கவைத்தவர். இந்த வேலைக்கு விண்ணப்பம் எழுதித் தந்ததும் அவர்தான். முரட்டுக் கை, மெல்லிய பேச்சு. இருமல் மருந்தில் சாராயம் கலந்திருக்கும் என்று யாரோ சொன்னதிலிருந்து அதைக்கூடத் தொடமாட்டார். குளிர்காலம் முழுக்க வெந்நீரைக் குடித்துவிட்டு லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டிருப்பார்.

வாரியத்தின் தலைமைப் பொறியாளருக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. சென்ட்டு. சாக்கடை ஆபீசுக்கு வருகிற மனுஷன் கழுத்திலும் மணிக்கட்டிலும் சென்ட் பூசாமல் வரமாட்டார். அவர் காரை விட்டு இறங்குவதற்குள் வாசனை மாடிப்படி ஏறிவிடும்.

நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அந்த மேட்டுத் தொட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரின் கீழ்ப்பகுதிச் சாக்கடை முழுவதும் ஒரு பம்ப் ஸ்டேஷனுக்கு வந்து சேரும். அங்கிருந்து நாலு கிலோமீட்டர் இரும்புக் குழாயில் அதை மேட்டுக்கு ஏற்றுவார்கள். காற்றுப் புகாத குழாய். ஆறேழு மணி நேரம் அதற்குள் அடைந்து கிடக்கிற தண்ணீர் சும்மா இருக்குமா? அழுகும். அழுகினால் வாயு உண்டாகும். குழாய் முடிகிற இடத்தில் ஒரு பெரிய கான்கிரீட் தொட்டி. அதில் தண்ணீர் தபதபவென்று விழும்போது அடைபட்டிருந்த வாயு அத்தனையும் கிளம்பும். அது கிளம்பாமல் இருக்கத்தான் மருந்து. பம்ப் ஸ்டேஷனில் நாளைக்கு எட்டு கேன் நைட்ரேட் கரைசலைக் குழாய்க்குள் சொட்டுச் சொட்டாக விட்டால் வாயு உண்டாவதே குறைந்துபோகும். மிச்சம் மீதியை மேட்டுத் தொட்டியில் இருக்கிற ஃபேன் இழுத்து, இரண்டு உயரமான இரும்புக் குழல்கள் வழியாக மேலே விட்டுவிடும். ஒன்று வடக்குச் சரிவில், இன்னொன்று தெற்கே, தொழிலாளர் குவார்ட்டர்ஸுக்கு மேலே.

சென்ட்டு பதவிக்கு வந்ததும் சிக்கனம் காட்ட ஆசைப்பட்டார். 'நாளையிலிருந்து இரண்டு கேன் போதும். பதிவேட்டில் எட்டு என்றே இருக்கட்டும்' என்று ஒரு சீட்டு எழுதி பம்ப் ஸ்டேஷனுக்கு அனுப்பினார். ஸ்டேஷன் மேற்பார்வையாளர் அதன் அடியில் 'பார்த்தேன்' என்று கையெழுத்துப் போட்டு கிளிப்பில் மாட்டிவைத்தார். அதைப் பார்த்துவிட்டு மூக்குக்காரி நேராகச் சென்ட்டின் அறைக்கே போனாள்.

"சார், மருந்தைக் குறைச்சா மேட்டுத் தொட்டில வாயு ஏறிடும். ஆளுங்க இறங்குற இடம் சார் அது."

"உனக்கு மூக்குதானே வேலை?" என்றார் சென்ட்டு, ஃபைலிலிருந்து தலையைத் தூக்காமலே. "மூக்கோட நிறுத்திக்க. வாய் எதுக்கு?"

அறையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவள் வெளியே வந்தாள்.

மூன்றாவது வாரம், காலை பத்து மணிக்கு, தொட்டிக்குள் ஒரு வால்வு இறுகிப்போனது. இறங்கச் சொன்னது அண்ணனை. அவர் ஸ்டோரில் போய் காற்று உருளையும் முகமூடியும் கேட்டார். மருந்து முழு அளவு போகிறது என்று பதிவேடு சொல்கிறது, அப்படியிருக்க முகமூடி தேவையில்லை என்று ஸ்டோர்காரர் கொடுக்கவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு அண்ணன் ஏணியில் இறங்கினார்.

அந்த வாயுவுக்கு ஒரு துரோகக் குணம் உண்டு. கொஞ்சமாக இருந்தால் அழுகின முட்டை போல நாறும். அதிகமாகிவிட்டால் மூக்கையே மரத்துப்போக வைத்துவிடும். பாதி ஏணியில் நின்று அண்ணன் மேலே பார்த்துச் சத்தம் போட்டாராம்: "வாடையே இல்லப்பா! நல்லாத்தான் இருக்கு!" இரண்டு நிமிஷத்தில் கயிறு விறைத்தது.

மூக்குக்காரி ஓடிவந்தபோது அவரைத் தரையில் கிடத்தியிருந்தார்கள். அவள் மண்டியிட்டு அவர் மார்பில் முகத்தைப் புதைத்தாள். அழுவதற்காகத்தான் குனிந்தாள். ஆனால் அந்த மூக்கு அவள் சொன்னபடி கேட்கிற மூக்கா? அது பாட்டுக்குப் பிரித்துப் பிரித்துச் சொன்னது. அழுகின முட்டை. ஈர இரும்பு. கிரீஸ். காலையில் தேய்த்துக் குளித்த பச்சை சோப்பு. அவ்வளவுதான். வேறு ஒன்றுமே இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து கூட்ட மண்டபத்தில் இருநூறு ஊழியர்கள் முன்னால் விசாரணை அறிக்கை வாசிக்கப்பட்டது. வாசித்தவர் சென்ட்டு. 'இறந்தவரின் உடலிலிருந்து மது வாடை வீசியது. போதையில், எச்சரிக்கையின்றி இறங்கியதே விபத்துக்குக் காரணம். ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிய குப்பி வழியில் உடைந்துவிட்டது.'

மூக்குக்காரி எழுந்து நின்றாள். "பொய். அவர் நெஞ்சுல மூஞ்சிய வச்சுப் பார்த்தவ நான். ஒரு சொட்டு வாடை கிடையாது."

"துக்கத்துல இருக்காங்க பாவம்," என்றார் சென்ட்டு. "யாராவது வெளிய கூட்டிட்டுப் போய்த் தண்ணி கொடுங்க."

அவள் தண்ணீர் குடிக்கவில்லை. அங்கிருந்தே பம்ப் ஸ்டேஷனுக்குப் போனாள். கிளிப் காலியாக இருந்தது. மேற்பார்வையாளர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "எந்தச் சீட்டும்மா?"

அன்று சாயங்காலம் அண்ணி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இருவரும் முகம் கொடுத்துப் பேசி நாலு வருஷம் ஆகியிருந்தது. ஒரு மிக்ஸியை இரவல் வாங்கிக் கரகரவென்று ஆக்கித் திருப்பிக் கொடுத்தது யார் என்பதில் ஆரம்பித்த பகை. சாவு வீட்டில்கூட ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துதான் அழுதார்கள்.

"உன் மூக்கு என்ன சொல்லுச்சு?" என்றாள் அண்ணி, உள்ளே வராமலே.

"குடிக்கல அண்ணி."

"அது எனக்குத் தெரியாதா? பன்னெண்டு வருஷம் பக்கத்துல படுத்தவ. ஊருக்கு யாரு சொல்றது? குழாயடில நான் போனா பேச்சை நிறுத்துறாளுங்க. குடிச்சுட்டு விழுந்து செத்தவன் பொண்டாட்டின்னு என் காது படவே ஒருத்தி சொல்றா." அண்ணியின் கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. "அந்தாளு நாறணும். ஊர் பார்க்க நாறணும். நீ என்ன செய்வியோ, ஏது செய்வியோ."

"உள்ள வாங்க அண்ணி," என்றாள் மூக்குக்காரி.

அன்றிலிருந்து ஒரே அடுப்பு என்று ஆகிவிட்டது. மூக்குக்காரி தன் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு குவார்ட்டர்ஸில் அண்ணியோடு தங்கினாள். பகலில் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்வாள். சென்ட்டு எதிரே வந்தால் வணக்கம் சொல்வாள். உள்ளே மட்டும் கறுவிக்கொண்டே இருந்தாள்.

நாலு மாதம் ஆனது. வடக்குச் சரிவில், கீழே ஊர் முழுவதும் தெரிகிற மாதிரி, சென்ட்டு ஒரு வீடு கட்டி முடித்தார். குடிபோவதற்கு முந்தின வாரம் மூக்குக்காரியைக் கூப்பிட்டார்.

"அந்த வடக்குக் குழலோட ஷட்டரை மூடிடு. எல்லாம் தெற்கால போகட்டும்."

"தெற்குல குவார்ட்டர்ஸ் இருக்கு சார். மருந்து வேற ரெண்டு கேன்தான்..."

"மருந்து எட்டு கேன். பதிவேட்டைப் பாரு. போய் மூடு."

மேட்டுத் தொட்டியின் ஃபேன் அறைச் சாவி அவளிடம்தான் இருந்தது. வடக்கு ஷட்டரின் சக்கரத்தைத் திருப்பித் திருப்பி மூடினாள். பதினெட்டுச் சுற்று. திறப்பதற்கும் பதினெட்டுதானே என்ற நினைப்பு அப்போதே வந்துவிட்டது. ஆனால் அவசரப்படவில்லை. அந்தாள் அந்த வீட்டில் நன்றாக வேர் பிடிக்கட்டும், பிடுங்கும்போது வலிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஏழு மாதம் குவார்ட்டர்ஸ் நாறியது. துவைத்துக் காயப்போட்ட துணி உடுத்துவதற்கு முன்னாலேயே நாறியது. பிள்ளைகள் தலைவலி என்று பள்ளியிலிருந்து பாதியில் திரும்பின. கல்யாணமான புதிதில் அண்ணன் வாங்கிக் கொடுத்த வெள்ளிச் சங்கிலி அண்ணியின் கழுத்திலேயே கரியாகக் கறுத்தது. டிவி, ஃபிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாகச் செத்தது. உள்ளே இருக்கிற செம்புக் கம்பியை அந்த வாயு தின்றுவிடும். புகார் எழுதினார்கள். எல்லாப் புகாரின் மேலும் சென்ட்டு பச்சை மையில் எழுதினார்: 'நேரில் ஆய்வு செய்யப்பட்டது. உண்மையில்லை.'

அப்போதுதான் அந்தச் செய்தி வந்தது. சென்ட்டு அந்த வருஷத்தோடு ஓய்வு பெறுகிறார்; வாரியக் குழுவிலேயே ஓர் இடம் பிடிக்கப் பார்க்கிறார்; அதற்காக வாரியத் தலைவரையும் உறுப்பினர்களையும் குடும்பத்தோடு புது வீட்டுக்கு மதிய விருந்துக்கு அழைத்திருக்கிறார். இன்னும் மூன்று வாரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"ஆரம்பிச்சுடலாம் அண்ணி," என்றாள் மூக்குக்காரி.

காலையில் மூக்குக்காரி குவார்ட்டர்ஸ் வீட்டு வாசலில் மீட்டரைப் பிடித்து அளவு பார்ப்பாள். பிறகு மேட்டுக்குப் போய் வடக்கு ஷட்டரைத் திறப்பாள். சென்ட்டின் வீட்டுச் சுற்றுச்சுவருக்கு வெளியே நின்று மீட்டரைப் பார்ப்பாள். குவார்ட்டர்ஸில் என்ன புள்ளியோ அதே புள்ளி அங்கேயும் வருகிறவரை சக்கரத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்வாள்.

"ரெட்டிப்பா விட்டா என்ன?" என்றாள் அண்ணி.

"வேணாம் அண்ணி. அந்த வீட்டுல அவர் சம்சாரம் இருக்காங்க, வேலை செய்யற அம்மா இருக்காங்க. நமக்கு அந்தாளு என்ன கொடுத்தாரோ அதுதான். அதுக்கு மேல ஒரு புள்ளி கூடாது. குறையவும் கூடாது."

"பழி வாங்குறதுலகூட ஆபீஸ் ரூல் பேசுற பொம்பளைய நான் உன்னைத்தான் பார்க்குறேன்," என்றாள் அண்ணி.

நாலாவது நாள் சென்ட்டிடமிருந்து ஃபோன் வந்தது. "உடனே வீட்டுக்கு வா. என்னமோ நாறுது."

அவள் முதலில் ஃபேன் அறைக்குப் போய் வடக்கு ஷட்டரை மூடினாள். அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, காற்று எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டு போன பிறகு வீட்டுக்குப் போனாள். சமையலறை, குளியலறை, படுக்கையறை என்று ஒவ்வொரு இடமாக நின்று மூச்சை இழுத்தாள். சென்ட்டு பின்னாலேயே வந்தார். முகத்தில் கவலை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

"ஒண்ணும் வரலையே சார்."

"நல்லாப் பாரு!"

"மீட்டரும் சைபர்தான் காட்டுது, பாருங்க."

அவள் சொன்னதில் எள்ளளவும் பொய் இல்லை. சென்ட்டே மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு விழித்தார். அவள் வெளியே வந்தாள், ஃபேன் அறைக்குப் போனாள், மறுபடி திறந்தாள்.

இப்படியே நாலு முறை. நாற்றம் வரும்; அவளைக் கூப்பிடுவார்; அவள் வந்தால் நாற்றம் இருக்காது. பிளம்பரை வரவழைத்துப் புதுக் குளியலறைத் தரையை உடைத்தார்கள். சமையலறைத் தொட்டியைப் பிடுங்கி வேறு போட்டார்கள். ஏசி நின்றுபோனது. வாசலில் இருந்த பித்தளைப் பெயர்ப்பலகை கறுத்து, அவர் பெயரே படிக்க முடியாமல் ஆனது. சிக்கன நிர்வாகத்துக்காக அவருக்குக் கொடுத்த வெள்ளிக் கேடயத்தை அவருடைய மனைவி தினமும் தேய்த்தாள். தினமும் அது கறுத்தது. சென்ட்டு சென்ட்டை இரண்டு மடங்காகப் பூசிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். அழுகின முட்டையின் மேல் பூவை வைத்தது போல ஒரு கலவை வாசனை. லிஃப்டில் இப்போது குமாஸ்தாக்கள் ஒதுங்கியது அவரைப் பார்த்து.

இரண்டாவது வாரக் கடைசியில் அவரே அவளைக் கூப்பிட்டு, "இப்ப ஒண்ணும் இல்ல, சரியாயிடுச்சு" என்றார். மூக்குக்காரிக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் சரியாகவில்லை. அந்த நாற்றத்திலேயே கிடந்து கிடந்து மனுஷனுக்கு மூக்கு பழகிப்போய்விட்டது. தங்கை வீட்டுக்கும் கடைக்கும் போய்வந்துகொண்டிருந்த மனைவிக்கு மட்டும் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் குமட்டியது. "நாறுதுங்க" என்று அந்த அம்மா சொன்னால், "உனக்குப் பிரமை" என்று எரிந்து விழுவார்.

விருந்து நாள். எதற்கும் இருக்கட்டும் என்று மூக்குக்காரியை வீட்டு வாசலில் நிற்கச் சொல்லியிருந்தார் சென்ட்டு. அவள் பதினொரு மணிக்கே மேட்டுக்குப் போய் வடக்கைப் பதினெட்டுச் சுற்றும் திறந்தாள். தெற்கை அடியோடு மூடினாள். ஏழு மாதமாகக் குவார்ட்டர்ஸுக்குப் போன அதே அளவு. ஏழு மாதத்தில் முதல் தடவையாக அன்று குவார்ட்டர்ஸில் அண்ணி எல்லா ஜன்னலையும் திறந்துவைத்தாளாம்.

பன்னிரண்டரைக்குக் கார்கள் வந்தன. தலைவர் இறங்கினார், அவர் மனைவி இறங்கினாள், உறுப்பினர்கள் இறங்கினார்கள். கேட்டைத் தாண்டுவதற்குள் ஒவ்வொரு கையும் ஒவ்வொரு பைக்குள் போய் கைக்குட்டையைத் தேடியது. சென்ட்டு மட்டும் வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க சார், வாங்க! இங்க காத்து எப்படி இருக்கு பார்த்தீங்களா?"

வாயைத் திறக்கவே தலைவர் யோசித்தார்.

சாப்பாட்டு மேஜையில் யாரும் தட்டைத் தொடவில்லை. ஓர் உறுப்பினரின் மனைவி எழுந்து வாசலுக்கு ஓடினாள். கடைசியில் தலைவரே கேட்டுவிட்டார்: "என்ன சார் இது, இவ்வளவு நாத்தம்?"

வாசலில் நின்ற மூக்குக்காரிக்குச் சென்ட்டின் குரல் தெளிவாகக் கேட்டது. "எல்லாம் எங்க வீட்டம்மா லட்சணம் சார். வீட்டைச் சுத்தமா வச்சுக்கத் தெரியல. நானும் சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்." கரண்டியோடு நின்ற அவர் மனைவியின் முகம் சுண்டிப்போனது. தலைவரின் மனைவி அந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டே மூக்கைப் பொத்தினாள்.

"நம்ம ஆபீஸ்லயே ஒருத்தி இருக்கா சார், மூக்கு ஸ்பெஷலிஸ்ட். அவளையே கேட்டுடுவோம்," என்று சென்ட்டு அவளை உள்ளே கூப்பிட்டார். தைரியம்தான். மூன்று வாரமாக ஒன்றும் வரவில்லை என்று சொன்னவள், இப்போதும் அதையே சொல்வாள் என்று நம்பினார்.

"சொல்லும்மா," என்றார் தலைவர், கைக்குட்டைக்குள்ளிருந்து. "இது என்ன வாடை?"

அவள் மேஜையருகே வந்து நின்றாள். நிதானமாக மூச்சை இழுத்தாள். சென்ட்டின் முகத்தைப் பார்த்தாள்.

"மது வாடை சார்."

"என்னது?"

"மது வாடை. போன வருஷம் எங்கண்ணன் பொணத்து மேல வந்துச்சுன்னு இவர் அறிக்கைல எழுதினாரே, அதே வாடை. அன்னைக்கு இவர் மூக்குக்கு இது மதுவாத்தான் பட்டுச்சு. மருந்தை எட்டுலேர்ந்து ரெண்டாக் குறைச்சா வர்ற வாடை சார் இது. ஏழு மாசமா எங்க குவார்ட்டர்ஸ்ல வீசுது. இன்னைக்கு ஒரு நாள் இங்க வீசட்டும்னு நான்தான் திறந்துவிட்டேன்."

சென்ட்டின் மனைவி கையிலிருந்த கரண்டி தரையில் விழுந்தது.

சென்ட்டு தலைவரைப் பார்த்துக் கைகூப்பினார். "அண்ணன் செத்ததுலேர்ந்து இவளுக்குப் புத்தி சரியில்ல சார். மன்னிச்சுக்குங்க. நாளைக்கே நடவடிக்கை எடுக்குறேன்." தலைவர் எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள். பரிமாறிய சோறு பரிமாறியபடியே கிடக்க, கார்கள் போய்விட்டன.

மறுநாள் அவள் கையில் சஸ்பெண்டு உத்தரவு வந்தது. அனுமதியின்றி ஷட்டரைத் திறந்ததாகக் குற்றம். ஃபேன் அறைச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். வடக்கை மூடித் தெற்கைத் திறந்துவிட்டார்கள். குவார்ட்டர்ஸ் பழையபடி நாறியது. தலைவர் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. பெரிய இடத்துச் சங்கடத்தைப் பெரிய மனுஷர்கள் பேசாமல் விட்டுவிடுவார்கள் போலிருக்கிறது.

"போதுமா?" என்றாள் அண்ணி.

"போதாது. ஒரு வேளைச் சாப்பாடு கெட்டது, அவ்வளவுதான். அறிக்கைல இருக்குற வரி அப்படியேதான் இருக்கு." உத்தரவை நாலாக மடித்து ஜன்னல் இடுக்கில் செருகினாள் மூக்குக்காரி. ஏழு மாதம் பொறுத்தது, மூன்று வாரம் சக்கரம் திருப்பியது எல்லாம் வீணாகப் போய்விட்டதே என்று அவளுக்கு நெஞ்சு கொதித்தது.

மூன்று நாள் கழித்து, மத்தியானம், வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது சென்ட்டின் மனைவி. முக்காடு போல துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டிருந்தாள். கையில் ஒரு பழைய ஃபைல்.

"நீங்கதான் திறந்துவிட்டீங்களா?" என்றாள் மூக்குக்காரியைப் பார்த்து. "அன்னைக்கு மட்டுமா, மூணு வாரமுமா?"

"மூணு வாரமும்தான் மேடம்."

"எனக்கு மண்டை பிளந்துச்சு. ஒரு வாய் சாப்பிட முடியல."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் செஞ்சீங்க."

"ஆமா."

மன்னிப்புக் கேட்க மூக்குக்காரிக்கு வாய் வரவில்லை. அந்த அம்மாவின் கண்ணுக்குக் கீழே விழுந்திருந்த கருவளையத்தைப் பார்க்கவும் முடியவில்லை. அண்ணிதான் இடையில் வந்தாள். கழுத்திலிருந்த கறுத்த சங்கிலியை எடுத்துக் காட்டினாள்.

"இதைப் பாருங்கம்மா. உங்களுக்கு மூணு வாரம். எங்களுக்கு ஏழு மாசம். இப்பவும் வருதுல்ல?"

அந்த அம்மா மூச்சை இழுத்தாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"முப்பது வருஷம் அந்த மனுஷன் சட்டையைத் துவைச்சவ நான்," என்றாள். "அதுல வர்ற சாக்கடை வாடை வெளிய தெரியக் கூடாதுன்னுதான் முதல் முதல்ல சென்ட் வாங்கிக் கொடுத்ததே நான்தான். பத்துப் பேர் முன்னாடி, வீடு நாறுனா காரணம் இவதான்னு சொல்லிட்டார். ஒரு நிமிஷம்கூட யோசிக்கல. அப்பதான் எனக்குத் தோணுச்சு, செத்துப்போன உங்க வீட்டுக்காரர் மேலயும் இப்படித்தான் போட்டிருப்பார்னு." ஃபைலை அண்ணியின் மடியில் வைத்தாள். "எந்தக் காகிதத்தையும் கிழிக்க மாட்டார். நாளைக்கு யார் தலையிலயாவது போட உதவும்னு பூட்டி வைப்பார். பீரோ சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

உள்ளே இரண்டே இரண்டு காகிதம். ஒன்று அந்தச் சீட்டு: இரண்டு கேன், பதிவேட்டில் எட்டு, அடியில் மேற்பார்வையாளரின் 'பார்த்தேன்'. இன்னொன்று ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தின் கடிதம். குப்பி உடையவே இல்லை. போய்ச் சேர்ந்து, பரிசோதித்து, முடிவும் வந்திருக்கிறது. 'மது: இல்லை.'

அண்ணி அந்த இரண்டு வார்த்தையை விரலால் தடவினாள். சாவு வீட்டுக்குப் பிறகு, வருஷம் ஒன்று கழித்து அன்றைக்குத்தான் அழுதாள். சத்தம் போட்டு, பக்கத்து வீடுகளுக்குக் கேட்க வேண்டும் என்றே அழுதாள்.

"தலைவர்கிட்ட கொண்டுபோய்க் கொடுக்கலாமா?" என்றாள் சென்ட்டின் மனைவி.

"ஒரு ஆள்கிட்ட கொடுத்தா ஒரே நாள்ல காணாம போயிடும்," என்றாள் அண்ணி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. "ஊருக்கே கொடுப்போம்."

இரண்டையும் முந்நூறு பிரதி எடுத்தார்கள். மறுநாள் காலை வேலைக்கு வந்த ஊழியர்கள் ஒவ்வொரு மேஜையிலும் ஒன்றைப் பார்த்தார்கள். லிஃப்டுக்குள் ஒன்று, அறிவிப்புப் பலகையில் ஒன்று, சென்ட்டின் கார்க் கண்ணாடியில் ஒன்று. வாசல் காவலாளி எதையும் தடுக்கவில்லை. பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டதே அவர்தான். பத்து மணிக்கு மேற்பார்வையாளர் தானாகவே வந்து, சீட்டில் இருப்பது தன் கையெழுத்துதான் என்று எழுதிக் கொடுத்தார். முதலில் தன் கழுத்துக்குத்தான் கயிறு வரும் என்பது அவருக்குப் புரிந்திருக்கும். அதற்கு மேல் தலைவராலும் பேசாமல் இருக்க முடியவில்லை. வெளியிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். சென்ட்டு பதவி நீக்கம் செய்யப்பட்டார். போலீஸ் வழக்குப் பதிந்தது.

அறிக்கையைத் திருத்திப் புதுப் பிரதி அனுப்பிவைக்கிறோம் என்று வாரியம் அண்ணிக்குக் கடிதம் எழுதியது. அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. அதே மண்டபத்தில், அதே ஆட்கள் முன்னால், அதே வாயால் வாசிக்க வேண்டும் என்று தலைவர் அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மூன்றாவது நாள் இறங்கிவந்தார்கள். அப்படிச் செய்தால் வழக்கில் கொஞ்சம் தயவு கிடைக்கும் என்று வக்கீல் சொல்லித்தான் சென்ட்டும் வந்ததாகப் பேச்சு.

மண்டபம் நிரம்பி வழிந்தது. சென்ட்டு அன்றைக்கு சென்ட் பூசாமல் வந்திருந்தார். காகிதத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி முணுமுணுத்தார்: "இறந்தவர் மது அருந்தியிருக்கவில்லை. முந்தைய அறிக்கை பொய். மருந்தின் அளவைக் குறைக்க உத்தரவிட்டது நான்."

கடைசி வரிசையிலிருந்து அண்ணி எழுந்தாள். "கேக்கல."

அவர் மறுபடி வாசித்தார்.

"இன்னும் கேக்கல. அன்னைக்கு நல்லாச் சத்தமாத்தானே படிச்சீங்க?"

மூன்றாம் முறை சென்ட்டின் குரல் உடைந்தது. குழாயடியில் பேசியவள் அண்ணிக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தாள்; தலையைக் குனிந்துகொண்டாள். மேடையோரம் நின்ற சென்ட்டின் மனைவி கணவனைப் பார்க்காமல் பக்கவாசல் வழியாக வெளியேறினாள். தங்கை வீட்டுக்கே போய்விட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

மூக்குக்காரியின் சஸ்பெண்டு ரத்தாகவில்லை. ஷட்டரைத் திறந்தாயா என்று விசாரணை அதிகாரி கேட்டபோது, "ஆமா, இருபத்தொரு நாள், அளவோட" என்று அவளே எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மூன்று மாதம் வீட்டில் இரு என்றார்கள். இருந்தாள். மருந்து எட்டு கேன் போக ஆரம்பித்தது. இரண்டு குழலுக்கும் கரி நிரப்பிய வடிகட்டி மாட்டினார்கள். குவார்ட்டர்ஸில் காயப்போட்ட துணி சோப்பு வாசனையோடு காய்ந்தது.

வழக்கின் முதல் வாய்தாவுக்கு இரண்டு பெண்களும் போயிருந்தார்கள். கோர்ட்டுப் படியில் சென்ட்டு அவர்களைத் தாண்டிப் போக வேண்டியிருந்தது. தாண்டியவர் நின்று, திரும்பி, மூக்குக்காரியைப் பார்த்துக் கேட்டார்.

"இப்ப திருப்திதானே உனக்கு?"

அவள் கொஞ்சம் யோசித்துத்தான் சொன்னாள்.

"இல்ல சார். அடுத்த வாய்தா ஒன்பதாம் தேதி. நாங்க சீக்கிரமே வந்துடுவோம்."